மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவை: ஒரு மதிப்புரை

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் அரைத்து, கறவை மாட்டின் மடி கிருமியால் வீங்கிப் பால் கெடும் மடிநோய்க்கு மடியில் பூசும் கலவையை ஈரோட்டுப் பக்கம் உள்ள எங்கள் கட்டுத்தறியில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இது கடையில் பெட்டிக்குள் வரும் மருந்து அல்ல. ஆயினும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் அளவு வகுத்துக் கொடுத்து, தேசியப் பால்வள வாரியம் துண்டறிக்கையாகவும் காணொளியாகவும் பல மொழிகளில் பரப்பிய முறை இது என்பதால், பெயர் பெற்ற ஒரு மருந்தை எவ்வளவு கண்டிப்புடன் எடைபோடுவோமோ அவ்வளவு கண்டிப்புடன் இதையும் எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயை முதல் நாளிலேயே கண்டுபிடித்து, சொன்னபடி பத்து வேளையும் பூசுவதற்கு வீட்டில் ஆள் இருந்தால் இது நல்ல மருந்து. மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலோடு படுத்துவிட்ட பிறகு இதை நம்பி ஒரு வேளையைக் கழிப்பதுகூட மாட்டின் உயிருக்கு ஆபத்து.

செய்முறை எளிது. ஒரு நாளைக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். கற்றாழை மடலின் ஓர முட்களைச் சீவிவிட்டுத் துண்டு போட்டு, மற்ற இரண்டோடும் சேர்த்து அரைக்க வேண்டும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தவுடன் சிவப்பது போலவே இந்த விழுதும் அரைபடும்போதே செங்கல் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வரவில்லையென்றால் சுண்ணாம்பு பழையதாகிக் காரம் போய்விட்டது என்றோ, மஞ்சள் தூளில் கலப்படம் இருக்கிறது என்றோ சந்தேகிக்கலாம். மடியைக் கழுவி, பாலை முழுவதும் கறந்து எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதில் 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நோய் கண்ட காம்பில் மட்டும் பூசினால் போதாது. இப்படி நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாட்கள் பூச வேண்டும். கூடவே முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு எலுமிச்சம் பழங்களை இரண்டாக நறுக்கி உண்ணக் கொடுக்க வேண்டும். பாலில் இரத்தம் கலந்து வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, சரியாகும் வரை காலையும் மாலையும் உள்ளுக்குத் தர வேண்டும்.

ஐந்து நாள் மருத்துவத்துக்கு மொத்தமாகக் கற்றாழை ஒன்றேகால் கிலோ, மஞ்சள் கால் கிலோ, சுண்ணாம்பு 75 கிராம், எலுமிச்சை ஆறு. வேலியோரத்தில் கற்றாழை இருக்கும் வீட்டில் மஞ்சளுக்கும் எலுமிச்சைக்கும்தான் காசு. ஆகவே செலவைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமே இல்லை. இதன் உண்மையான விலை கைவேலை. பத்து வேளை வீதம் ஐந்து நாளுக்கு ஐம்பது முறை மாட்டின் பின்புறம் உட்கார்ந்து, வலியால் உதைக்கும் மாட்டைச் சமாதானப்படுத்தி, மடியைக் கழுவிப் பூச வேண்டும். பூசிய விழுது ஒரு மணி நேரத்தில் காய்ந்து ஏடாகிவிடும் என்பதால், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று பூசுவது இந்த மருத்துவமே அல்ல. "கற்றாழை போட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை" என்று சொல்பவர்களிடம் எத்தனை வேளை பூசினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று என்ற பதில்தான் வருகிறது. வேலைக்குப் போகும் குடும்பத்தில் பகல் முழுவதும் கட்டுத்தறியில் ஆள் இருக்க முடியாது என்பது உண்மைதான். அப்படிப்பட்டவர்கள் இதைத் தொடங்குவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் கைமாறி வரும் குறிப்புகள் சிலவற்றில் அளவே இருப்பதில்லை. ஒன்றில் "ஒரு கைப்பிடி சுண்ணாம்பு" என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பதறினேன். சுண்ணாம்பு கடுமையான காரம். ஏற்கெனவே வீங்கித் தோல் இறுகியிருக்கும் காம்பில் அது அளவு மீறிப் பட்டால் தோல் வெந்து வெடித்துவிடும், வெடித்த தோலில் கிருமி குடியேறும். வெற்றிலைக்குப் போடும் நீற்றிய சுண்ணாம்பை 15 கிராமுக்கு மேல் போகாமல் நிறுத்துப் போட வேண்டும். சுவருக்கு அடிக்க வாங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றாமல் அப்படியே கலப்பது கூடவே கூடாது. அரைத்த விழுதை மறுநாளைக்கு வைக்காமல் அன்றன்றைக்கு அரைப்பதே முறை.

இதன் குணத்தை நேரில் பார்த்த ஒரு சமயத்தைச் சொல்கிறேன். இரண்டாவது ஈற்றில் இருந்த கலப்பின ஜெர்சி ஒன்றுக்குக் காலைக் கறவையில் பின் வலது காம்பின் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டபோது, அரிசிக் குருணை அளவில் வெள்ளைத் திரிகள் துணியில் தங்கின. பால் நிறம் மாறவில்லை. மாடு தீவனம் எடுத்தது, காய்ச்சல் இல்லை. கையை வைத்துப் பார்த்தால் மடியில் அந்தக் காம்புக்குரிய பகுதி மற்ற மூன்றைவிடச் சூடாகவும், பிசைந்த மாவு போல இல்லாமல் சற்றுக் கெட்டியாகவும் இருந்தது. அன்றே கலவையைத் தொடங்கினோம். ஒவ்வொரு முறை பூசுவதற்கு முன்பும் அந்தக் காம்பை மட்டும் ஒட்டக் கறந்து, கறந்ததை அடுப்புச் சாம்பல் போட்ட வாளியில் பிடித்துத் தொலைவில் கொட்டினோம். மறுநாள் மாலையில் சூடு தணிந்தது, அடுத்த நாள் திரி குறைந்தது, ஐந்து நாள் முடியுமுன்பே துணியில் எதுவும் தங்கவில்லை. வீக்கம் முழுவதுமாக வடிய இன்னும் சற்றுக் காலம் பிடித்தது. கறவை அளவு அந்தக் காம்பில் அந்த ஈற்று முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மடியின் சுரப்புத் திசு ஒருமுறை அடிபட்டால் எந்த மருந்து கொடுத்தாலும் அந்த ஈற்றில் முழுவதும் மீள்வது அரிது.

இந்தக் குணத்துக்கு முழுப் பெருமையையும் விழுதுக்கே கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. மஞ்சளுக்கும் கற்றாழைக்கும் வீக்கத்தைத் தணிக்கும் குணம் உண்டு என்பது தெரிந்த செய்தி. மடிநோயில் பாலின் சிட்ரேட் (எலுமிச்சையின் புளிப்புச் சத்து) அளவு குறைந்து, வழக்கமாக 6.6 அளவில் இருக்கும் அமிலக் காரக் குறியீடு (pH) 7ஐ நோக்கி ஏறும் என்பதால் எலுமிச்சைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து முறை பூசச் செல்பவர் பத்து முறை மடியைக் கழுவுகிறார், பத்து முறை குளிர்ச்சி கொடுக்கிறார், ஒட்டக் கறந்து கிருமியையும் அதன் நஞ்சையும் வெளியேற்றுகிறார், மாற்றத்தை மணிக்கு மணி கவனிக்கிறார். இந்தக் கவனிப்பே பாதி மருந்து என்பது என் எண்ணம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. காய்ச்சல் இல்லாத மிதமான மடிநோயில் கணிசமான மாடுகளின் உடலே கிருமியை விரட்டிவிடும். குறிப்பாக ஈ.கோலை போன்ற கிருமிகளால் வந்த மிதமான நோயில், நாம் திரியைப் பார்க்கும் நேரத்திலேயே கிருமி அழிந்து போயிருப்பது உண்டு. அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பண்ணைகளில் பாலை ஒரு நாள் கிருமி வளர்ப்புத் தட்டில் வைத்துப் பார்த்து, எந்தக் கிருமியும் வளராவிட்டாலோ ஈ.கோலை வகை வளர்ந்தாலோ ஆன்டிபயாடிக் போடாமலே விடுகிறார்கள். ஆகவே கலவை பூசியதால் சரியானவை எத்தனை, பூசாவிட்டாலும் சரியாகியிருக்கக் கூடியவை எத்தனை என்று பிரித்துச் சொல்ல, பூசாத மாடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும். தானாகவே சரியாகிவிடக் கூடிய மாடுகளுக்குத் தேவையில்லாத ஊசியைத் தவிர்க்க இந்த முறை வழி செய்கிறது என்பதே இப்போதைக்கு இதன் பெரிய நன்மை.

நோயை முதல் நாளில் பிடிப்பதற்கு நாங்கள் நம்பியிருப்பது நான்கு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டையும் ஊதா நிறக் கரைசல் ஒன்றையும்தான். சி.எம்.டி. என்று சொல்லப்படும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை 1957 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் சிறிது பிடித்து, அதே அளவு கரைசலை ஊற்றி, தட்டைக் கிடைமட்டமாக வட்டமாய்ச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் உள்ள பால் பத்து விநாடிக்குள் கோந்து போல இழுபட ஆரம்பித்து, நோய் முற்றியிருந்தால் குழியின் நடுவில் முட்டையின் வெள்ளைக் கரு போலத் திரண்டு நின்றுவிடும். பாலில் உள்ள வெள்ளையணுக்களைக் கரைசல் உடைத்து, அவற்றின் மரபுப்பொருளை (டி.என்.ஏ.) வெளியே கொண்டுவருவதால் வரும் பிசுபிசுப்பு அது. இருபது விநாடிக்குள் முடிவைப் பார்த்துவிட வேண்டும். அதன் பின் லேசான பிசுபிசுப்பு மறைந்துபோகும். கரைசல் கிடைக்காத ஊர்களில் துணி துவைக்கும் சோப்புத்தூளைத் தண்ணீரில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் கரைத்தும் இதே சோதனையைச் செய்யலாம், ஆனால் வண்ணம் இல்லாததால் கண் பழக வேண்டும்.

இந்தத் தட்டைப் பற்றி நான் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மடிநோயில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்கு, தெரியாமல் மடிக்குள் இருப்பது அதைவிடப் பல பங்கு. பால் வெள்ளையாகவே இருக்கும், மடி வீங்காது, மாடு நன்றாகத் தின்னும். ஆனால் ஒரு மில்லி பாலில் வெள்ளையணு இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருக்கும், கறவை சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைகிறது என்று தவிட்டையும் புண்ணாக்கையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர் இந்தச் சோதனையை ஒரு முறை செய்து பார்த்தால் காரணம் விளங்கும். கன்று ஈன்ற முதல் சில நாட்களில் சீம்பாலிலும், பால் வற்றும் தறுவாயிலும் வெள்ளையணு இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால் அப்போது வரும் முடிவை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

கலவை எங்கே கைவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்துவது நல்லதல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடியின் உள்திசுவில் சிறு சிறு சீழ்க்கட்டிகளாகப் புதைந்துகொள்ளும். மேலே பூசும் விழுது அங்கே எட்டுவதில்லை, ஆன்டிபயாடிக்கும் பல வேளைகளில் தோற்றுப்போகிறது. இரண்டு வாரம் நன்றாக இருந்து, பிறகு அதே காம்பில் மறுபடியும் மறுபடியும் திரி வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த மாட்டைக் கடைசியில் கறப்பதும், அந்தக் காம்பை வற்றவிடுவதா, மாட்டையே கழித்துவிடுவதா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுப்பதும்தான் வழி. இதற்கு நேரெதிராக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற கிருமி மாட்டுக்கு மாடு கறப்பவர் கை வழியே பரவும், ஆனால் பென்சிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். அந்தக் கிருமிதான் என்று ஆய்வில் தெரிந்தால் மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக் ட்யூபைக் காம்புக்குள் ஏற்றுவதே சரியான மருத்துவம். மூலிகை மீதுள்ள பற்றால் அதை மறுத்தால், கட்டுத்தறியில் உள்ள மற்ற மாடுகளுக்கும் நோயைப் பரப்பியவர் ஆவோம். எந்தக் கிருமி என்று அறிய, காம்பு நுனியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சல்களை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பால் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ பல்கலைக்கழக ஆய்வகத்துக்கோ கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது நஞ்சேறிய மடிநோய். பால் மோர்த் தெளிவு போலவோ மஞ்சள் நீர் போலவோ வரும், மாடு தீவனத்தைத் தொடாது, கண் குழிவிழும், காது சில்லிடும், எழுந்து நிற்க முடியாது. மடியின் தோல் நீலமாகி, தொட்டால் குளிர்ந்திருந்தால் திசு அழுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இந்த நிலையில் இரத்தநாளம் வழி நீரேற்றமும் ஊசி மருந்தும் சில மணி நேரத்துக்குள் தேவைப்படும். ஆன்டிபயாடிக்கை முழுவதும் தவிர்க்கச் சொல்லும் அமெரிக்க இயற்கை (ஆர்கானிக்) பால் பண்ணை விதிகூட, நோயுற்ற மாட்டுக்குத் தேவையான மருந்தை மறுக்கக் கூடாது என்றே சொல்கிறது. மருந்து போட்ட பின் அந்த மாட்டின் பாலை இயற்கைப் பால் என்று விற்க முடியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு எச்சரிக்கை சொல்லியும் நான் ஏன் இந்தக் கலவையை விடாமல் வைத்திருக்கிறேன் என்றால், பாலில் சேரும் மருந்து மிச்சம்தான் காரணம். காம்பில் ஏற்றும் ட்யூப்களுக்கு அவற்றின் உறையிலேயே இத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று போட்டிருக்கும். பலவற்றுக்கு அது மூன்று, நான்கு நாள். தினமும் பால் பணத்தில் ஓடும் குடும்பம் அந்த நாட்களின் வருமானத்தை இழக்க மனம் வராமல் ஊற்றிவிடுவது நடக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019ல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் எடுக்கப்பட்ட 6,432 மாதிரிகளில் 77ல் ஆன்டிபயாடிக் மிச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம், ஆனால் ஒரு மாட்டின் பால் சொசைட்டிக் கேனில் ஊர்ப் பாலோடு கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் நோய் வராமலே எல்லா மாடுகளுக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. கற்றாழைக் கலவையில் இந்த மருந்து மிச்சத் தொல்லை இல்லை. ஆயினும் மருந்து மிச்சம் இல்லை என்பதற்காகத் திரி வரும் காம்பின் பாலை ஊற்றலாம் என்று பொருள் இல்லை. அது நோய்ப்பால். கன்றுக்கும் கொடுக்கக் கூடாது.

கடைகளில் விற்கும் மூலிகை மடி ஜெல்களையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். நல்ல மணம், கையில் ஒட்டாத பதம், சட்டென்று பூச முடியும். வெளியூர் போகும் நாளில் வீட்டில் உள்ளவர்களுக்கு அது வசதி. ஆனால் நாளைக்கு இரண்டு வேளை என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே கறப்பதும் கவனிப்பதும் இரண்டு வேளையாகக் குறைந்துவிடுகிறது. ஒன்றை வாங்கியபோது அதில் என்னென்ன மூலிகை எந்த அளவில் இருக்கிறது என்பதே படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. விலைக்குத் தகுந்த கூடுதல் பலனை நான் பார்க்கவில்லை.

மரபு மருத்துவக் குறிப்புகளில் காம்பு அடைப்புக்கு வேப்பிலை ஈர்க்கில் மஞ்சளும் வெண்ணெயும் தடவிக் காம்புக்குள் செருகுவதும் வருகிறது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காம்புத் துளையின் உட்புறம் கிருமியைத் தடுக்கும் இயற்கை அரண். நன்றாகப் பழகிய கை இல்லாமல் அங்கே எதை நுழைத்தாலும் அந்த அரண் கீறிப்போகும். கன்று ஈனுவதற்கு முன் மடியில் நீர் கோர்த்து வீங்குவதையும் மடிநோய் என்று எண்ணிக் கற்றாழை பூசுகிறார்கள். அழுத்தினால் விரல் பள்ளம் பதிந்து, பாலோ சீம்பாலோ சுத்தமாக இருந்தால் அது நீர்க்கோர்வை. அதற்கு நல்லெண்ணெயில் மஞ்சளும் பூண்டும் காய்ச்சித் தடவும் வேறு முறை இருக்கிறது.

கலவையைக் கையில் எடுக்கும் தேவையையே குறைத்தவை எங்கள் கட்டுத்தறியில் இரண்டு. கறந்து முடித்தவுடன் ஒவ்வொரு காம்பையும் 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது ஒன்று. கறந்த பின் காம்புத் துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், மாடு உடனே சாணத்தில் படுக்காமல் நின்றுகொண்டிருக்கும்படி அந்த நேரத்தில் பசுந்தீவனம் போடுவது மற்றொன்று. கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறப்பதையும் விட்டுவிட்டு முழுக்கையால் கறக்கிறோம்.

இந்த முறையைப் பரப்புபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. செய்முறைக்கு மேலேயே, முதல் வரியில், காய்ச்சல்மானியால் மாட்டின் ஆசனவாய் வெப்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மாட்டுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். 104ஐ எட்டினாலோ, வெப்பம் திடீரென்று இயல்புக்குக் கீழே இறங்கினாலோ, இரண்டு வேளை தீவனம் எடுக்காவிட்டாலோ, இரண்டு நாள் பூசியும் திரி குறையாவிட்டாலோ விழுதை ஓரமாக வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது. அந்த எண்ணையும் அதே தாளில், கற்றாழையின் அளவுக்கு அருகிலேயே அச்சிடுங்கள்.